பம்புத்திட்டில் நீர் பிரியும் இடம்

பிரிவு விருந்தன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்று நன்றி சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இத்தனை காலம் பூங்கா மேற்பார்வையாளராக இருந்தவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போகிறாள், போகும்போது உருப்படியாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருப்பீர்கள். சொல்ல ஒன்று இருந்தது. கேக் வெட்டிய மேசைக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

புல் வெட்டுவது, குப்பை அள்ளுவது, குரங்குகளிடமிருந்து சாப்பாட்டைக் காப்பாற்றுவது எல்லாம் என்னோடு வேலை பார்த்த ரஹிம் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். என்னைவிட நன்றாகவே சொல்லிக் கொடுப்பார். நான் எழுதப் போவது தண்ணீர் ஏறும் நேரத்தைப் பற்றி மட்டும்.

நீங்கள் வேலை செய்யப் போகும் இடத்துக்கு நகராட்சி மன்றம் வைத்த பெயர் ஒன்று நுழைவாயில் பலகையில் இருக்கிறது. புலாவ் செபாங், சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தமிழர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது பம்புத்திட்டு. துரைமார் காலத்தில் தோட்டத்து லயங்களுக்குத் தண்ணீர் இறைக்க ஆற்றின் நடுவில் இருந்த இந்தத் திட்டில் இயந்திரம் வைத்தார்கள். அதற்காகக் கட்டிய பம்பு வீடுதான் இன்றும் திட்டின் மேல்முனையில் நிற்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் பாதி போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகு, யாருக்கும் வேண்டாத நிலமாகத் திட்டு கிடந்தது. பிறகுதான் மன்றம் அதை எடுத்துக்கொண்டு தொங்கு பாலம் போட்டது. உட்கார்ந்து இளைப்பாறக் கூரையிட்ட வாக்காஃப் கொட்டகைகள், சிமெண்டுப் பாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் எல்லாம் வந்தன.

திட்டு ஒரு படகைப் போன்றது. மேல்முனை ஆற்றை இரண்டாகப் பிளக்கிறது. அந்தப் பக்கம் அகலமான பேராறு. நம் பக்கம் குறுகலான கிளை, அதன்மேல்தான் பாலம். பாலம் திட்டில் இறங்கும் இடத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரமும், அதனடியில் தோட்டத்துக் காலத்து முனீஸ்வரர் கல்லும் இருக்கின்றன. கீழ்முனையில் படித்துறை. மேல்முனையில் நின்று பார்த்தால், மிதந்து வரும் ஒரு தேங்காய் மட்டைகூடத் திட்டின் தலைக்கு வந்ததும் கொஞ்சம் தயங்குவது தெரியும். பிறகு ஏதோ ஒரு பக்கம் போகும். எந்தப் பக்கம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் பலமுறை எனக்குள் பந்தயம் கட்டிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

மேலே மதகு இருக்கிறது. மலைப்பக்கம் மழை பெய்தால் அதைத் திறப்பார்கள். திறக்கும்முன் சங்கு ஊதும். சங்கு கேட்டால் திட்டில் இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். பாலத்தூணில் சிவப்புக் கோடு ஒன்று பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் வாயில் பூட்டப்படும், யாரும் பாலத்தில் கால் வைக்கக் கூடாது. நாமும்தான்.

எனக்கு முன்னால் இருந்த மேற்பார்வையாளர் ஒருமுறை, நல்ல வெயிலில், பொது விடுமுறையன்று, திட்டில் இருந்த அத்தனை பேரையும் வெளியேற்றிப் பாலத்தைப் பூட்டினார். பாதி வெந்த கோழியைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் திட்டியபடி போயின. அன்று தண்ணீர் வரவே இல்லை. நான் அப்போது புதியவள், அவருக்காக வெட்கப்பட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "வராத தண்ணிக்கும் சேர்த்துத்தான் நம்மள இங்க நிக்க வச்சிருக்காங்க" என்றார். நல்ல வாக்கியம் என்று நினைத்து மனதில் வைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்த நாளில் அந்த வாக்கியம் உதவிக்கு வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ்முனைப் படித்துறையில் நம் மக்கள் அஸ்தி கரைக்கிறார்கள். தோட்டத்துக் காலத்திலிருந்தே வரும் வழக்கம். பலகையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் மன்றம் தடுத்ததும் இல்லை. கரைத்து முழுகி எழுந்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. பின்னால் காலடிச் சத்தமும் கேட்கக் கூடாது என்று சில குடும்பங்கள் சொல்வார்கள்.

நம் வேலையில் ஒரு விதி உண்டு, திட்டைவிட்டு வெளியேறும் கூட்டத்தில் கடைசி ஆள் நம் ஆளாக இருக்க வேண்டும். அஸ்தி கரைக்க வருகிறவர்களுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தியிருந்தோம். யார் எப்போது தளர்த்தினார்கள் என்று தெரியவில்லை. அவர்கள் பின்னால் நடக்காமல் நாம் முன்னால் நடந்து வந்து, கரையில் நின்று எதிர்கொள்வோம். துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ரஹிம் எங்கள் யாரையும்விட அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்.

அன்று பள்ளி விடுமுறை. என் மகள் தர்ஷினி ஐந்தாம் படிவத்தில், பள்ளியின் கடைசி வருஷத்தில், இருந்தாள். தோழிகளுடன் கிளேபாங் கடற்கரைக் கடைகளுக்குப் போய்த் தேங்காய் ஷேக் குடிப்பதாகத் திட்டம். ஒரு தோழியின் அண்ணன் கார் ஓட்டுவானாம். அவன் லைசென்ஸ் எடுத்து எவ்வளவு நாளாகிறது என்று கேட்டேன். சரியான பதில் வரவில்லை. நான் விடவில்லை. நான் அப்படிப்பட்ட அம்மா. அவள் கைப்பேசியில் பதில் சொல்லத் தாமதித்தால் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். வீட்டில் தனியாக விடவும் மனமில்லாமல் என்னோடு வேலைக்கு அழைத்துப் போனேன். கண்ணெதிரில் இருப்பாள் அல்லவா.

"அங்க வந்து நான் என்னம்மா செய்யறது? உடும்ப எண்ணிக்கிட்டு உட்காரவா?" என்றாள் காரில்.

பம்பு வீட்டுக்குப் பக்கத்து வாக்காஃபில் கைப்பேசியோடு உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் புலாவ் செபாங்கிலிருந்து ஒரு குடும்பம் அஸ்தி கரைக்க வந்தது. இறந்தவர் பெரியவர். மூத்த மகன் லாரி ஓட்டுபவர், சிவா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருடைய மனைவி நிறைமாதம் என்பதால் வரவில்லை. அவர்களின் மகள், பாலர் பள்ளி வயதுப் பெண், ஹரிணி, மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு அத்தைகளின் கைகளில் மாறி மாறி வந்தாள். பாலத்தில் ஏறும்போது ஒவ்வொரு பலகையிலும் இரண்டு காலையும் வைத்துக் குதித்தாள். "ஆடாத லா, பாப்பா. தாத்தாவக் கொண்டு போறோம்" என்று ஓர் அத்தை அதட்டினார். குழந்தை, தாத்தா எங்கே என்று கேட்டது. அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

திட்டில் வேறு யாரும் இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் தம்பின் ஊர்ப் பக்கத்து மலைமேல் கறுப்பாக இருந்ததைப் பார்த்து, இன்று சங்கு ஊதலாம் என்று ரஹிமிடம் சொல்லி வைத்தேன். அவர் கீழ்முனைக்குப் போய், சடங்கு செய்துவைத்த பண்டாரத்தின் காதில் சொல்லி, சீக்கிரம் முடிக்கச் சொன்னார்.

அவர்கள் முழுகி எழுந்த வேளையில் சங்கு ஊதியது. நான் கரையில், பாலத்து வாயிலில் இருந்தேன். உடனே தர்ஷினியைக் கைப்பேசியில் கூப்பிட்டு, கிளம்பி வரச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் என்றாள். இப்போதே என்றேன். சரி, வருகிறேன் என்றாள். ரஹிம் வழக்கப்படி முன்னால் நடந்து பாலத்தைக் கடந்து வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பண்டாரம், அவருக்குப் பின்னால் குடும்பம். ஈரத்துணியோடு, தலை குனிந்து, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி வந்தார்கள்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி முகமும் வந்து கரை ஏறியது. மஞ்சள் கவுன் வரவில்லை.

"சின்னப் பிள்ளை ஒண்ணு வந்துச்சே, எங்க?" என்று கேட்டேன்.

ஓர் அத்தை, குழந்தை சித்தியோடு வருகிறது என்றார். சித்தி, அப்பாவோடு அல்லவா இருந்தது என்றார். சிவா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அஸ்திச் சட்டியைப் பிடித்திருந்த கைகள். அவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவருடைய கழுத்து திரும்ப முயன்றதை நான் பார்த்தேன். ஆனால் திரும்பவில்லை. அப்பாவைக் கரைத்துவிட்டு வந்த மகன் அவர்.

"நீங்க பாருங்கம்மா" என்றார் என்னிடம். "எனக்காக நீங்க பாருங்க."

அப்போது என் கைப்பேசி அடித்தது.

"மா, ஒரு குட்டிப் பொண்ணு இங்க படியில தனியா நின்னு அழுவுது. வர்ற வழியில பார்த்து ஓடிப்போய்த் தூக்கிட்டேன். அவங்களக் கூப்பிட்டேன் மா. கத்திக் கூப்பிட்டேன். யாருமே திரும்பல."

பிள்ளை படித்துறையில் இருக்கிறது, பின்னாலிருந்து கூப்பிட்டும் யாரும் திரும்பவில்லையாம் என்று நான் சொன்னதும், உடன் வந்த பெண்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் ஒரு பெண் குரல் கேட்டதாகவும், உடம்பெல்லாம் சிலிர்த்ததாகவும், அதனால்தான் எல்லோரும் இன்னும் வேகமாக நடந்ததாகவும் பிறகு சொன்னார்கள். பண்டாரம் அவர்களிடம் யார் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். அவரும் தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. எல்லா இடத்திலும் சொல்வதைத்தான் சொன்னார்.

சிவா திரும்பினார்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் தர்ஷினி தெரிந்தாள். இடுப்பில் குழந்தை, காதில் கைப்பேசி. பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நான் தூணைப் பார்த்தேன். ஆற்றின் நிறம் மாறியிருந்தது. நுரையும் சருகும் சுள்ளியுமாக, பால் விட்ட தேநீர் போல் வந்துகொண்டிருந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இருந்தது. பாலம் நீளமில்லை. அவள் வேகமாக வந்தால் நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் வந்துவிடலாம் போல் இருந்தது.

அவள் பாலத்தில் கால் வைத்தாள். பாதிப் பாலம் வந்தாள்.

நான் மேலே பார்த்தேன். இப்போதும் அந்த நேரத்தை நினைத்தால் என் கழுத்து அந்தப் பக்கமே போகிறது. ஆற்றின் வளைவில் ஒரு முழு மூங்கில் புதர், வேரும் மண்ணும் கொம்புமாக, ஒரு லாரி அகலத்துக்குப் பெயர்ந்து வந்துகொண்டிருந்தது. திட்டின் தலையை நோக்கி நேராக வந்தது. நம் பக்கம் திரும்பினால் பாலத்தில்தான் அடிக்கும். அந்தப் பக்கம் போனால் ஒன்றுமில்லை. தர்ஷினி என்னைப் பார்த்தபடி வந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை.

"நில்லு" என்றேன் கைப்பேசியில். "வராத. திரும்பிப் போ."

"மா, கிட்ட வந்துட்டேன்."

"திரும்பிப் போ, தர்ஷினி. பம்பு வீட்டுக்குப் போ."

அவள் நின்றாள். பாலம் அவளோடு ஆடியது. பிறகு திரும்பினாள்.

சிவா வாயிலைத் திறக்க வந்தார். நான் பூட்டிவிட்டேன். அவர் கம்பியைப் பிடித்து உலுக்கினார். நான் சாவியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன்.

"திறங்கம்மா. வந்துக்கிட்டு இருந்த பிள்ளையத் திருப்பி அனுப்பறீங்க. நான் போய்த் தூக்கிட்டு வர்றேன்."

முடியாது என்றேன். அவருடைய தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். ரஹிம் குறுக்கே நின்றார். சிவா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உங்க பிள்ளையா இருந்தா இப்படிப் பூட்டிட்டு நிப்பீங்களா?" என்று கேட்டார்.

 பதில் சொல்லியிருந்தால் என் கை சாவியை விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். ரஹிம்தான் மலாயில் மெல்லச் சொன்னார், உங்கள் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது இவருடைய மகள் என்று. சிவா என்னைப் பார்த்தார். கம்பியை விட்டார். அப்படியே வாயிலடியில், ஈரவேட்டியோடு தரையில் உட்கார்ந்தார்.

மூங்கில் புதர் திட்டின் தலைக்கு வந்து முட்டி நின்றது. கொஞ்சம் சுழன்றது. பிறகு அந்தப் பக்கம் போய்விட்டது.

பேராற்றில் அது மிதந்து போவதை எல்லோரும் பார்த்தோம். பாலத்தை ஒரு சுள்ளிகூடத் தொடவில்லை. சிவாவின் தம்பி ஒருவர், "இப்ப வரச் சொல்லுங்க" என்றார். நான் தூணைப் பார்த்தேன். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுப்பலகைகளை நனைக்கத் தொடங்கியது. இல்லை என்றேன். அது அதற்கு முன்னால் சொன்ன இல்லையைவிடக் கடினமாக இருந்தது, ஏனென்றால் இப்போது என்னிடம் காட்டுவதற்கு மூங்கில் இல்லை.

தர்ஷினி பம்பு வீட்டை அடைந்தாள். இயந்திரம் வெள்ளத்தில் மூழ்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் அதற்கு ஆள் உயரத்துக்குமேல் ஒரு மேடை கட்டியிருந்தார்கள். பழைய வெள்ளங்களின் கறைகள் சுவரில் வரி வரியாக இருக்கின்றன. ஒன்றும் மேடையைத் தொட்டதில்லை. இடிந்துபோன படிகளில் விடலைப் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று நான்தான் அங்கே தடைப்பலகை எழுதி மாட்டியிருந்தேன்.

"மா, இங்க ஏறக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஏறு."

"நீங்கதானே எழுதினீங்க."

"ஏறு, கண்ணு."

ஏறினாள். குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு தான் ஏறினாள். பேட்டரி குறைவாக இருப்பதாகச் சொன்னாள். அணைத்து வைக்கச் சொன்னேன். அணைப்பதற்குமுன் கைப்பேசியைச் சிவாவிடம் கொடுத்தேன். அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். கைப்பேசியிலிருந்து குழந்தையின் உரத்த குரல் மட்டும் கேட்டது. தாத்தா தண்ணிக்குள்ளே போயிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தீயணைப்பு மீட்புப் படை வந்தது. குப்பையும் கட்டையும் போகும் வேகத்தில் படகை இறக்க முடியாது என்றார்கள். மதகைப் பாதி மூடச் சொல்லிக் கேட்டிருப்பதாகவும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். காத்திருந்தோம். வாக்காஃப்களின் தரை தண்ணீருக்குள் போனது. ஊஞ்சல் போனது. முனீஸ்வரர் கல் போனது. பம்பு வீட்டின் கீழ்ப்படிகளில் தண்ணீர் ஏறியது. மேடையில் மஞ்சள் கவுனும், பக்கத்தில் என் மகளின் கறுப்புச் சட்டையும் தெரிந்தன. அவள் குழந்தையைத் தன் இரண்டு கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து, முகத்தை ஆற்றிலிருந்து திருப்பி வைத்திருந்தாள்.

அத்தைகள் முதலில் என்னைத் திட்டினார்கள், பிறகு அழுதார்கள், பிறகு ஒருவர் தன் காரிலிருந்து குடையைக் கொண்டுவந்து என் தலைக்குமேல் பிடித்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.  சிவா எழுந்திருக்கவே இல்லை. ஒருமுறை மட்டும் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க பொண்ணு பேரு என்ன?" என்றார். சொன்னேன். அந்தப் பெயரை அவர் தனக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார்.

பிற்பகலில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. படகு போய் இருவரையும் அழைத்து வந்தது. குழந்தை தூங்கிப்போயிருந்தது. சிவா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தர்ஷினியின் தலையில் கைவைத்தார்.  தர்ஷினி என்னிடம் வந்து, தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். அதில் பாதி அவள் சட்டையில் கொட்டியது.

தண்ணீர் வடிந்ததும் ரஹிமும் நானும் பாலத்தைச் சோதித்தோம். ஒரு பலகைகூடப் போகவில்லை. கம்பிகள் அப்படியே இருந்தன.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாலம் நின்றது. மூங்கில் அந்தப் பக்கம் போனது. அவளை வரவிட்டிருந்தால் வந்து சேர்ந்திருப்பாள். யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் சுற்றியது. பாதிப் பாலத்தில் இருக்கும் பெண்ணையும் குழந்தையையும் ஓர் அதிகாரி திருப்பி அனுப்புவது அதில் தெளிவாகத் தெரிந்தது. மூங்கில் அந்தப் படத்துக்குள் வரவில்லை. அதைப் பார்த்தவர்கள் எழுதியதை நான் படிக்கவில்லை, ஆனால் படித்தவர்கள் வந்து சொன்னார்கள். விசாரணையில் நான் நடந்துகொண்டது முறைதான் என்றார்கள்.  என் கணவர் சாப்பிடும்போது ஒருநாள், "வந்துட்டு இருந்தாள்ல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நம் வேலையில் நீங்கள் எடுக்கும் முடிவு சரியா என்று ஆறு வந்து சொல்லாது. சரியான முடிவுக்குப் பிறகும் பாலம் நிற்கும். தவறான முடிவுக்குப் பிறகும் நிற்கலாம். அந்த நேரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்க முடியும். பிறகு தெரியவந்ததை வைத்து உங்களைக் கேட்பார்கள். நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்வீர்கள். நான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்கிறேன். புதர் திட்டின் தலையில் முட்டிச் சுழன்ற நேரத்துக்கு மறுபடி என்னைக் கொண்டுபோய் நிறுத்தினால், மறுபடியும் வராதே என்றுதான் சொல்வேன். அப்படிச் சொல்லும் அம்மாவாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை.

ஒன்றை மட்டும் மாற்றினோம். அஸ்தி கரைக்க வருகிறவர்கள் இப்போது பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டுப் பெரியவர்கள் பின்னால் வருகிறார்கள். திரும்பாமலே எல்லோரையும் பார்க்கலாம். நம் ஆள் ஒருவர் அவர்கள் வருவதற்கு முன்பே கீழ்முனைக்குப் போய் மரமறைவில் நின்றுவிட வேண்டும். அவர்கள் பாலம் கடந்த பிறகுதான் அவர் நகரலாம். பின்னால் காலடி கேட்காது, ஆனால் ஆள் இருக்கும். குடும்பங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதுவரை யாரும் மறுத்ததில்லை. இதைச் சொல்லி அவர்களை ஏற்கவைத்தது நானில்லை. வருஷத் திதிக்கு மறுபடி வந்தபோது சிவா தானாகவே அப்படி நடந்தார். மகள் முன்னால், அவர் பின்னால், அவர் மனைவி கைக்குழந்தையோடு கரையில். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

நான் வேலையை விடுவதற்குக் காரணம் காணொளி இல்லை. அதற்குப் பிறகும் சங்கு ஊதிய நாட்களில் பாலத்தைப் பூட்டினேன், திறந்தேன். ஆனால் திட்டில் யாரோ ஒருவருடைய பிள்ளை கொஞ்சம் தாமதித்தாலும் என் கண் ஆற்றில் நிற்காமல் அந்தப் பிள்ளைமேல் போகத் தொடங்கியது. இந்த வேலையில் அது ஆபத்து. அதை நானே கண்டுபிடித்துவிட்டதால் ஓய்வு கேட்டேன்.

தர்ஷினி அதைப் பற்றி வெகுநாள் பேசவில்லை. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த மாலையில்தான் பேசினாள். நான் அவள் துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மா, அந்த மூங்கில் நம்ம பக்கம் வந்திருந்தா எல்லாரும் உங்களப் பாராட்டியிருப்பாங்க இல்ல?"

ஆமாம் என்றேன்.

"நான் உங்க மேல கோவமா இல்ல. அத முதல்ல சொல்லிடறேன். பாலத்துல நின்னப்ப நான் உங்க முகத்தத்தான் பார்த்தேன். நீங்க என்னைப் பார்க்கல. என்னைத் தாண்டி வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அப்பவே தெரிஞ்சிடுச்சு, ஏதோ வருது, வரக்கூடாதுன்னு. அதான் எதிர்த்துப் பேசாம திரும்பிட்டேன்."

ஒரு சட்டையை எடுத்தாள். நான் மடித்திருந்ததைப் பிரித்து வேறு மாதிரி மடித்தாள்.

"ஆனா ஒரு வாட்டி என்னைப் பார்த்திருக்கலாம் மா."

இதை எழுதத் தொடங்கியபோது உங்களுக்குச் சொல்ல நினைத்தது, பாலத்தில் நிற்பது யாராக இருந்தாலும் உங்கள் கண் ஆற்றில் இருக்க வேண்டும் என்பதைத்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். நான் அன்று அவளைப் பார்த்திருந்தால் மூங்கிலைப் பார்த்திருக்க மாட்டேன். அவளிடமும் இதைச் சொல்லியிருக்கலாம்.  அடுத்த சட்டையை எடுத்து, அவள் மடித்த மாதிரியே மடித்துக் கொடுத்தேன்.